உம்மும்மாவின் உப்பும் அமெரிக்கன் மாவும்

எங்கள் வீட்டுக் குசினியில் உப்புக்கு இரண்டு பாத்திரங்கள் இருக்கின்றன. ஒன்று பிளாஸ்டிக் போத்தல்; அதில் கடையில் வாங்கிய அயடீன் கலந்த தூளுப்பு. மற்றது வாய் உடைந்த ஒரு மண்முட்டி, அதில் கல்லுப்பு. முட்டி உம்மும்மாவுடையது. அதற்குள் வேறு எவரும் கை விடுவதில்லை. நான் தூளுப்பைக் கரண்டியால் அளந்து போட்டு ஆணத்தை இறக்கி வைத்துவிட்டு லுஹர் தொழுது வருவதற்குள், முட்டியிலிருந்து நாலைந்து கல் சட்டிக்குள் இறங்கியிருக்கும். கேட்டால், "உப்புவெளியில இரிந்துகொண்டு உப்பில்லாம தின்னச் சொல்றியா மகன்?" என்பார்.

உம்மும்மா என் மனைவியின் உம்மாவைப் பெற்றவர். பிறந்த திகதி அவருக்குத் தெரியாது. "ஜப்பான்காரன் குண்டு போட்ட நேரம் நான் ஓதப் போய்க்கொண்டிருந்த புள்ள" என்பதுதான் அவர் தரும் கணக்கு. திருகோணமலையில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியது 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி. அப்போது அவருக்கு ஆறு வயதென்று கொண்டால் 1936 அளவில் பிறந்திருக்க வேண்டும். அடையாள அட்டையில் உள்ள ஆண்டு வேறு. அது யாரோ ஒரு எழுதுவினைஞரின் கற்பனை.

ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தன் மனைவியின் பாட்டியோடு குசினியில் நிற்பது எப்படி என்று வெளியூர் வாசகர்கள் கேட்கக்கூடும். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வீடு பெண்பிள்ளைக்கே எழுதப்படுகிறது. மணமுடித்த ஆண் தன் துணிப்பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருகிறான். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்தத் தாய்வழிக் குடிமுறை பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதில் ஒரு விளைவு எனக்கு அனுபவத்தில் விளங்கியது. மருமகள் வந்து மாமியாரின் அடுப்பைக் கைப்பற்றும் கதை எங்களிடம் கிடையாது. அடுப்பு உம்மாவிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேத்திக்கும் போகிறது. கைப்பக்குவமும் அதே வழியில் போகிறது. அந்த வீட்டுக்கு வேற்று நாக்கோடு வந்து சேருகிறவன் மாப்பிள்ளைதான். நான் மூதூர்க்காரன். கொட்டியாரக் குடாவின் அக்கரையிலிருந்து இக்கரைக்கு 2008 இல் வந்தவன்.

என் மனைவி தாதி. இரவுக் கடமை, பகற் கடமை என்று மாறி மாறிப் போவார். பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்கு முன்பாக வீடு வரும் நான்தான் பகலைக்குச் சமைக்க வேண்டியவன். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் நண்பர்கள் நால்வர் வாடகை அறையில் மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்த பழக்கம் கைகொடுத்தது. முதல் நாள் நான் அகப்பையைக் கையில் எடுத்தபோது உம்மும்மா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு, "ஆம்புள குசினிக்குள்ள வாறது கந்தூரிக்கு மட்டுந்தான்" என்றார். பெரிய சட்டிச் சமையல் ஆண்களுக்கு, சின்னச் சட்டிச் சமையல் பெண்களுக்கு என்பது அவர் காலத்து ஒழுங்கு. ஆனாலும் அன்று தொடக்கம் இன்றுவரை அந்தக் குசினியில் அவர் பலகையில் இருந்தபடியும் நான் நின்றபடியும் பக்கத்துக்குப் பக்கமாகத்தான் சமைத்து வருகிறோம்.

இருவரின் ருசியும் ஒத்துப்போவதேயில்லை. மீனாணம் என்றால் அவருக்குப் பழப்புளி நாக்கைச் சுண்ட வேண்டும். எனக்குத் தேங்காய்ப்பால் தூக்கலாக இருக்க வேண்டும். அவர் கொச்சிக்காயை அம்மியில் அரைத்துப் போடுவார். எனக்குத் தூள் போதும். புட்டுக்கு அவர் நீத்துப்பெட்டி, நான் குழல். சோறென்றால் அவருக்குச் சிவப்பரிசி. பச்சைப்பெருமாள் நெல்லைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் செத்துப்போன உறவுக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைப்பீர்கள். தம்பலகாமத்தில் அவரது உம்மாவின் உறவினருக்கு வயல் இருந்தது. அறுவடைக்குப் பின் மூட்டை வரும். பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தின் புதிய நெல்லினங்கள் 1960களில் வயல்களை நிரப்பியபின் பச்சைப்பெருமாள் ஒதுங்கிப்போனது. இப்போது அதே அரிசி கொழும்புப் பேரங்காடிகளில் ஆரோக்கிய உணவென்ற பெயரில் சின்னப் பைகளில், விலையைப் பார்த்தால் தலை சுற்றும்படியாக விற்கப்படுகிறது.

உப்பு விடயம் மட்டும் விளையாட்டல்ல. கிளினிக்கில் பிறஷர் மாத்திரை எழுதிக் கொடுத்து உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். நான் சொல்லாமல் குறைத்தேன். முதற் பிடியிலேயே, "சப்பெண்டு இரிக்கி" என்று கையை உதறினார். வயதானால் நாக்கு மரத்துப்போகும் என்பது அவர் விடயத்தில் பொய். இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது 1995 இல் சட்டமானது. அதற்குப்பின் வந்த உப்பே உப்பில்லை என்பது அவரது தீர்ப்பு. மாத்திரையில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம், முட்டியை மட்டும் எடுத்துவைக்காதே என்று மனைவி என்னிடம் சொல்லிவிட்டார். முட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

இவற்றையெல்லாம் நான் நீண்டகாலம் 'அந்தக் காலத்து மனுஷி' என்ற ஒரு வார்த்தையில் அடக்கி வைத்திருந்தேன். வரலாறு படிப்பிக்கிறவன் செய்யக்கூடாத வேலை அது. எந்தக் காலம் என்று கேட்டிருக்க வேண்டும்.

அவர் 'எங்கட சாப்பாடு' என்று சொல்வதைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் உலகம் முழுவதும் அதற்குள் கிடக்கிறது. குசினி என்ற சொல்லே போர்த்துக்கேயருடையது. அவர்கள் 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிவிட்டுப் போனார்கள். கோட்டை ஒல்லாந்தர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது, குசினியும் பாணும் விசுக்கோத்தும் எங்கள் வாயில் தங்கிவிட்டன. கொச்சிக்காய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் கப்பலேறுவதற்கு முன் இந்தக் கரையில் உறைப்பு என்றால் மிளகுதான். மரவள்ளியும் அங்கிருந்து வந்ததே. பெருநாளுக்கு அவர் தன் கையாலேயே செய்யும் வட்டிலப்பம் மலாய்க்காரரோடு வந்ததென்று சொல்லப்படுகிறது. திருகோணமலைக் கோட்டையில் மலாய்ப் படையினர் இருந்த காலமும் உண்டு. சம்பலுக்குள் அவர் இடித்துப் போடும் மாசிக்கு அதைவிட நீண்ட கதை. 1343-44 காலப்பகுதியில் மாலைதீவில் காதியாக இருந்த இப்னு பதூதா, அந்தத் தீவார் மீனைத் துண்டாக்கி, அவித்து, ஓலைக் கூடையிலிட்டுப் புகையில் காயவைப்பதையும், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் கப்பலேறுவதையும் பதிந்து வைத்திருக்கிறார். எங்கள் பத்திரிகைகளில் 'எமது பாரம்பரிய உணவு' என்று வரும் பத்திகளை நான் சந்தேகத்தோடுதான் வாசிப்பேன். பாரம்பரியம் என்பது பெரும்பாலும் எழுதுகிறவரின் பாட்டி சமைத்ததுதான். அதற்கு முந்தியதை அவர் அறியார்.

இதை ஒருநாள் உம்மும்மாவிடம் சொன்னேன். கொச்சிக்காய் அமெரிக்காவிலிருந்து வந்ததென்றதும் அம்மியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "வரட்டுமே. அது வந்து எங்கட ஆளாயிட்டு. மா வந்து எங்கட ஆளாகல்லியே" என்றார்.

மா என்றால் கோதுமை மா. அவர் வாயில் அது எப்போதும் 'அமெரிக்கன் மா'. அந்த மா ஒன்றுக்குத்தான் எங்கள் வீட்டில் தடை. எங்களுக்கு இல்லை, அவருக்கு. பாணைத் தொட மாட்டார். கோதுமை ரொட்டி தின்ன மாட்டார். சிவப்பரிசி இடியப்பத்தில் ஒரு கோப்பை கோதுமை மாவைக் கலந்து பிழிந்தால் முகர்ந்தே கண்டுபிடித்துப் பீங்கானைத் தள்ளிவைப்பார். எங்கள் பிள்ளைகளோ கொத்துரொட்டிக்கும் பணிசுக்கும் உயிரை விடுபவர்கள். குசினியில் நான் ரொட்டிக்கு மா பிசையும்போது அவர் எழுந்து வெளியே போய்விடுவார். இத்தனைக்கும் நாங்கள் வாழ்வது இலங்கையின் மா ஊரில். பஸ்ஸில் கிண்ணியாப் பக்கமாகவோ கந்தளாய்ப் பக்கமாகவோ போகும்போது சீனக்குடாவில் துறைமுகத் தண்ணீரோரமாக உயர்ந்து நிற்கும் அந்தப் பெரிய தானியக் குதிர்களைப் பார்க்காமல் போக முடியாது. பிறிமா ஆலை. உம்மும்மா அந்த இடம் வந்ததும் மற்றப் பக்க யன்னலைப் பார்ப்பார்.

இலங்கையர் கோதுமைக்குப் பழகிய கதை பெரிய பழைய கதையல்ல. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் இந்த நாடு உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கப்பலில் வந்தது. அதிற் பெரும்பங்கு பர்மாவிலிருந்து. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மாதம் திருகோணமலையில் குண்டு விழுந்தது. உம்மும்மாவின் நினைவில் இவை இரண்டும் ஒரே சம்பவம். வானத்தில் ஆகாயக் கப்பல் வந்தது, அன்றிலிருந்து சோறு குறைந்தது. புத்தகத்தின்படியும் அது அவ்வளவு பிழையில்லை. அரிசிக்குப் பதிலாகக் கோதுமையையும் மாவையும் அரசாங்கம் தருவித்தது. கூப்பன் முறை வந்தது. பர்மா அரிசி நின்றுபோனது காரணங்களில் ஒன்றாக வங்காளத்தில் 1943 இல் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். இலங்கையில் அப்படி நேராததற்கு அந்தக் கூப்பனும் அந்த மாவும் காரணம் என்பதை மறுக்க முடியாது. வரலாறு வாசிக்கிற எனக்கு அமெரிக்கன் மா ஒரு உயிர்காப்பான். அதனால்தான் உம்மும்மாவின் வெறுப்பு எனக்கு விளங்கவில்லை.

யுத்தம் முடிந்தும் கூப்பன் முடியவில்லை. அது இந்த நாட்டின் அரசியலாகவே ஆயிற்று. 1952 இல் சீனாவுடன் இறப்பர்-அரிசி ஒப்பந்தம். 1953 இல் ஒரு கொத்துக் கூப்பன் அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார்கள்; ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தாலில் நாடு ஸ்தம்பித்தது, அந்த ஆண்டிலேயே டட்லி சேனாநாயக்க பிரதமர் பதவியை விட்டார். அதே டட்லி மீண்டும் வந்து 1966 இன் இறுதியில் இரண்டு கொத்தை ஒன்றாக்கி, அதை இலவசமாக்கினார். சந்திரனிலிருந்தாவது இரண்டு கொத்தைக் கொண்டுவருவோம் என்று 1970 தேர்தல் மேடைகளில் பேசப்பட்டது. இலவச அரிசிதான் இந்நாட்டின் மரண வீதம் குறைந்ததற்குக் காரணங்களில் ஒன்றென்று அமர்த்தியா சென் போன்றவர்கள் எழுதினார்கள். ஒரு பக்கம் இப்படி அரிசி. மறு பக்கம் 1954 இல் அமெரிக்கா இயற்றிய பீ.எல். 480 என்ற சட்டத்தின்படி மிகை தானியம் உலகெங்கும் கப்பலேறியது. இங்கே வந்த மாவுக்கு 'அமெரிக்கன் மா' என்ற பெயர் நிலைத்தது. மா வந்த துணிப்பையைப் பிரித்துத் தலையணை உறை தைத்தார்கள், சிறுவர்களுக்குக் காற்சட்டை தைத்தார்கள்.

பிறகு 1973, 74. எண்ணெய் விலையும் உலகச் சந்தையில் தானிய விலையும் ஏறியதில் நாட்டிடம் அந்நியச் செலாவணி இல்லை. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதற்கே தடை. வீதிகளில் பொலிஸ் மறித்துச் சீலைக்குள்ளும் பெட்டிக்குள்ளும் அரிசி தேடியது. சாப்பாட்டுக் கடைகளில் வாரத்தில் இரண்டு நாட்கள் சோறு விற்கக்கூடாது. பாணுக்கு விடியப்புறம் வரிசை. மலையகத் தோட்டங்களில் மனிதர் பட்டினியால் மாண்டார்கள். 1977 இல் ஆட்சி மாறியது; 1979 இல் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. 1980 இல் சீனக்குடாவில் ஆலை அரைக்கத் தொடங்கியது. சிங்கப்பூர்க் கம்பனி. அரசாங்கம் கோதுமையைத் தருவித்துக் கொடுக்கும், ஆலை மாவாக்கித் திருப்பிக் கொடுக்கும், கூலிக்குப் பதில் தவிட்டை வைத்துக்கொள்ளும் என்பது தொடக்க கால ஏற்பாடு. உம்மும்மாவுக்கு எதிரியாகத் தெரிந்த பொருள் அவர் வீட்டுத் துறைமுகத்துக்கே வந்து குடியேறியது.

இவ்வளவையும் நான் வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு சாமானை ஒரு நாக்கு ஏன் தள்ளுகிறது என்பதை நான் அறிந்துகொண்டது என் சொந்த நாக்கிலிருந்து.

நான் பருப்பு தின்ன மாட்டேன். மணமுடித்து வந்த புதிதில் உம்மும்மா எனக்கென்று விசேடமாகப் பருப்பைத் தேங்காய்ப்பாலில் ஆக்கி, காய்ந்த கொச்சிக்காய் தாளித்து வைத்தார். நான் தொடவில்லை. மூதூர்க்காரனுக்கு எங்கட கை பிடிக்கல்ல என்று அவர் மனம் நொந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். 2006 ஓகஸ்டில் மூதூர் முழுதும் இடம்பெயர்ந்து கந்தளாய்க்கு நடந்தது. ஷெல்லுக்குத் தப்பி ஓடிய அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். முகாமில் சோறும் பருப்பும். காலையில் பருப்பு, பகல் பருப்பு, இரவு பருப்பு. தந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் தந்திராவிட்டால் பட்டினி. ஆனால் வரிசையில் பீங்கானை நீட்டிக்கொண்டு நின்றபோது, அதற்கு முந்தைய ஆண்டு நான் படிப்பித்த பிள்ளையொன்று எனக்கு முன்னால் நின்று திரும்பி, "சேர், நீங்க முன்னுக்கு வாங்க" என்று வழிவிட்டது. அதற்குப் பின் பருப்பு என் தொண்டையில் இறங்கவில்லை. பருப்பில் ஒரு குறையும் இல்லை.

இதை நான் உம்மும்மாவிடம் சொன்னது 2022 இல்.

அந்த ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். டொலர் இல்லை, எண்ணெய் இல்லை, கேஸ் இல்லை. முந்தைய ஆண்டு இரசாயனப் பசளையைத் தடை செய்ததில் வயலும் படுத்திருந்தது. நான் சிலிண்டரை வரிசையில் வைத்து நாலு நாள் காத்துக் கிடந்து வெறும் சிலிண்டரோடு திரும்பினேன். எங்கள் குசினியில் விறகடுப்பு இல்லை. இடித்துவிட்டு ஓடு பதித்திருந்தோம். உம்மும்மா ஒன்றும் பேசவில்லை. கொல்லையில் முருங்கைக்குக் கீழே மூன்று கல்லைத் தேடி வைத்து, பதினைந்து வருடமாகக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் அவர் சேர்த்து வைத்திருந்த சிரட்டையையும் பொச்சுமட்டையையும் எடுத்து வந்தார். குப்பை என்று நாங்கள் எத்தனையோ தடவை எரிக்கப் பார்த்த குவியல் அது. எண்பத்தாறு வயதில் அவர் மீண்டும் அந்த வீட்டின் அடுப்புக்குச் சொந்தக்காரியானார். நான் அவரது கைப்பிள்ளை. குரக்கன் ரொட்டி, மரவள்ளி அவியல், முருங்கையிலைச் சுண்டல், கூனிச் சம்பல். பிள்ளைகள் முதல் வாரம் முகத்தைச் சுளித்தார்கள். இரண்டாம் வாரம் சுளிக்கவில்லை. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்தில் சாப்பாட்டின் விலை ஏறத்தாழ இரட்டிப்பு என்பதே அதன் பொருள்.

அந்த மே மாதம் 10 ஆம் திகதி, முதல் நாள் பதவி விலகிய பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவரப்பட்ட செய்தி பரவியது. சனம் தளத்தின் வாசலில் கூடியது. செய்தியைச் சொன்னபோது உம்மும்மா ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அங்க கேஸ் இரிக்காமா?" என்று மட்டும் கேட்டார்.

மாவும் அப்போது கிடைக்கவில்லை. பேக்கரிகள் மூடிக் கிடந்தன. ஒருநாள் மனைவி எங்கேயோ பிடித்து ஒரு கிலோ மா கொண்டுவந்தார். கொல்லை அடுப்பில் ரொட்டி சுடலாம் என்று நான் பிசைய உட்கார்ந்தேன். உம்மும்மா எழுந்து போகவில்லை; அடுப்பு அவருடையதல்லவா. புகைக்குள் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் என் பருப்புக் கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் சொன்னதை, அவர் சொன்ன ஒழுங்கில் இல்லாவிட்டாலும், இங்கே எழுதுகிறேன்.

அவரது வாப்பா கடற்படை டொக்யாட்டில் கூலி. குண்டு விழுந்ததும் பெண்களும் பிள்ளைகளும் தம்பலகாமத்து உறவினர் வீட்டுக்கு ஓடிப் போய்ச் சில மாதங்களில் திரும்பினார்கள். பிறகு கூப்பன். கடையில் அரிசி கொஞ்சம், மா கொஞ்சம். உம்மா இரண்டையும் இரண்டு சட்டியில் ஆக்கினார். அரிசிச் சட்டி வாப்பாவுக்கும் தம்பிக்கும். மாச் சட்டி உம்மாவுக்கும், உம்மும்மாவுக்கும், அவரது ராத்தாவுக்கும். மாவைக் கூழாகக் கிண்டுவார்கள். சில வேளை அதில் வண்டு மிதக்கும். "ஆம்புளயள் வேலைக்குப் போறவங்க, சோறு தின்னணும் எண்டு உம்மா சொன்னா. தம்பிக்கு ரெண்டு வயசு மகன். அவன் என்ன வேலைக்குப் போன?"

கூப்பன் தலைக்கு இவ்வளவு என்றுதான் அளந்தது. அந்த அளவு வீட்டுப்படி தாண்டியதும் சட்டியடியில் எந்தத் தலைக்கு எவ்வளவு போனது என்பதற்கு எந்த அலுவலகத்திலும் பதிவேடு கிடையாது. 25 சதம் 70 சதமானதற்கு ஹர்த்தால் செய்தவர்கள் ஆண்கள், பெண்கள் என்று எல்லாருந்தான். சட்டியடிக் கணக்குக்கு எவரும் ஹர்த்தால் செய்ததாக நான் வாசிக்கவில்லை. உம்மும்மா தள்ளியது மாவின் ருசியை அல்ல. எண்பது வருடமாக அவர் அதைத் தள்ளியது, அது அவருக்கு ஏன் தரப்பட்டது என்பதற்காக.

எங்கள் வீட்டில் சாப்பாடு போடும்போது அவர் முதலில் என் மகளின் பீங்கானுக்குத்தான் சோறு வைப்பார். பிறகுதான் மகன், நான். வந்த விருந்தாளி யாராயிருந்தாலும் இதே ஒழுங்கு. செல்லம் கொடுத்துப் பிள்ளையைக் கெடுக்கிறார் என்று நான் மனைவியிடம் குறை சொல்லியிருக்கிறேன்.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவும் மாட்டேன். ரொட்டியை ஓட்டில் திருப்பிப் போட்டுவிட்டு அவர் மெல்லச் சொன்னார்: "நானும் அதத்தான் செஞ்சன்."

1974. அவரது கணவர் கரைவலை இழுக்கும் கூலி. இரண்டு மகன்மார், ஒரு மகள். அந்த மகள்தான் என் மாமி. அப்போது பதினாறு வயது. வீட்டில் இருந்த அரிசியை உம்மும்மா ஆண்களுக்கு ஆக்கினார். மகளுக்குப் பாண். அதிகாலை வரிசையில் நின்று அந்தப் பாணை வாங்கி வருவதும் அந்த மகள்தான். "எனக்குப் பாண் விருப்பம் உம்மா எண்டு சொல்லுவா. நானும் நம்பினன். நம்பினாத்தானே சோத்தை மத்தவனுக்குப் போடலாம்."

மாமியின் முகத்தை நான் சரியாகக் கண்டதில்லை. மருமகனுக்கு முன்னால் வராத பழக்கம் அவரிடம் கடைசிவரை இருந்தது. கதவுக்கு அப்பால் குரல்தான். 2012 இல் அவர் மௌத்தானார். அவரைப் பற்றி வீட்டில் எல்லாரும் சொல்வது, அவருக்குப் பாண் என்றால் அவ்வளவு விருப்பம் என்பது. பிளேன்ரீயில் தோய்த்துத் தின்பார், சம்பலோடு தின்பார், ஒன்றுமில்லாமல் வெறும் பாணையும் தின்பார். 1980களில் கிழக்கிலிருந்து போன ஆயிரக்கணக்கான பெண்களைப் போல அவரும் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனார். என் மனைவியை வளர்த்தது உம்மும்மாதான். 1990 ஓகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. மாமி ஜோர்தானில் அகதி முகாமில் கிடந்து நாடு திரும்பினார். அந்த ஜூனில்தான் இங்கே யுத்தம் மீண்டும் வெடித்திருந்தது. ஒரு யுத்தத்திலிருந்து இன்னொன்றுக்குள் வந்து சேர்ந்தார். முகாமில் என்ன தின்றீர்கள் என்று கேட்டதற்கு, "அரபிப் பாண்தான், எனக்கென்ன, எனக்கு விருப்பந்தானே" என்றாராம். இதைச் சொன்னபோது உம்மும்மா அழுதார். அடுப்புப் புகை என்று முக்காட்டால் துடைத்துக்கொண்டார்.

அவர் மகளுக்கு உண்மையில் பாண் விருப்பமா இல்லையா? பதினாறு வயதில் விருப்பமென்று சொல்லத் தொடங்கி நாற்பது வருடம் தின்ற ஒரு பொருள் விருப்பமாகவே ஆகிவிடாதா? உம்மும்மா கேட்ட இந்தக் கேள்விக்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் விடையில்லை. நாக்கு அவரவர் சொந்தம் என்பதைவிட, யாரோ பங்கிட்ட சோற்றின் எச்சம் என்றே எனக்குப் படுகிறது. என் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவர் இரவுக் கடமைக்குப் போகும்போது பையில் வைத்துக்கொள்வது எப்போதும் பாண் துண்டு. அவசரத்துக்கு வசதி என்பார். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் பையைத் திறந்து பார்த்து மூடினார்.

கேஸ் திரும்பி வந்தது. கொல்லை அடுப்பை நாங்கள் கலைக்கவில்லை. சனி, ஞாயிறில் அதிலும் சமைக்கிறோம். நான் இப்போது மாதத்தில் ஒரு தடவை பருப்பு ஆக்குகிறேன்; ஆக்குவதோடு சரி. 2025 இல் மழையால் உப்பளங்கள் கெட்டுத் தட்டுப்பாடு வந்தபோது, சுற்றிவரக் கடல் உள்ள நாட்டுக்கு இந்தியாவிலிருந்து உப்பு வந்தது. உப்புவெளியில் கடை கடையாக ஏறி இறங்கியும் கல்லுப்பு இல்லை. முட்டி சில வாரம் வெறுமையாக இருந்தது. கடல் தண்ணியைக் கொண்டுவந்து காய்ச்சு என்றார் உம்மும்மா. பகிடியா உண்மையா என்று தெரியாமல் நான் நின்றேன்.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் காய்ச்சலில் விழுந்து எழும்பியதிலிருந்து அவருக்குச் சோறு இறங்குவதில்லை. பல் ஒன்றுமில்லை. கஞ்சி வைத்தால் இரண்டு வாயோடு தலையைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் பகல் நான் குசினியில் நிற்கும்போது கட்டிலிலிருந்து கூப்பிட்டு, "பாண் இரிக்கா?" என்று கேட்டார். எனக்குக் காது கேட்கவில்லையோ என்று மீண்டும் கேட்டேன். இருந்தது. கரையை வெட்டி எடுத்துவிட்டு, நடுப்பகுதியைப் பால்தேத்தண்ணியில் ஊறவைத்துக் கரண்டியால் ஊட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு மெல்ல விழுங்கினார். முழுத் துண்டும் முடிந்தது.

வாயைத் துடைத்துவிட்டபோது, "புள்ளயளுக்குச் சோறு போட்டாச்சா?" என்று கேட்டார்.

போட்டாச்சு உம்மும்மா என்றேன்.

"ஆருக்கு முதல்ல போட்ட?" என்றார்.